முதல் வார்டு போஸ்டிங்குக்குத் தயாராவது எப்படி? நர்சிங் மாணவர்களுக்கு நகம் முதல் ஷூ வரை

முதல் வருடம் சேர்ந்ததும் சில வாரங்கள் வகுப்பறையும் டெமோ அறையுமாகப் போகும். பொம்மை நோயாளிக்குப் படுக்கை விரித்துப் பழகுவீர்கள். அப்புறம் ஒரு நாள் நோட்டீஸ் போர்டில், யார் எந்த வார்டுக்குப் போக வேண்டும் என்ற போஸ்டிங் பட்டியலை ஒட்டுவார்கள். அன்று மாலையிலிருந்து ஹாஸ்டலே பரபரப்பாகிவிடும். கொண்டை எப்படிப் போடுவது, கம்மல் போடலாமா, மருதாணி வைத்த கை பரவாயில்லையா, சென்ட் அடிக்கலாமா என்று சீனியர் அறை வாசலில் கூட்டம் நிற்கும். பல வருடங்களாக மாணவர்களை வார்டுக்கு அழைத்துப் போகிறவள் நான். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் இங்கே வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

விதியைச் சொல்லும்போதே காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். "மேடம் திட்டுவாங்க" என்பதற்காக நகம் வெட்டுகிற பிள்ளை, மேடம் லீவு போட்ட வாரம் வெட்டாது. தன் நகத்துக்கு அடியில் இருப்பது இன்னொருவர் தையலுக்குள் போகும் என்று தெரிந்த பிள்ளைக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஒரு வாரம் முன்னால்: கையிலிருந்து தொடங்குங்கள்

1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். மாணவர்கள் இருந்த பிரிவில்தான் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சல் வந்து அதிகமாக இறந்தார்கள். அங்கே வேலை பார்த்த இக்னாஸ் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்கள் காலையில் பிணப் பரிசோதனை செய்துவிட்டு, அந்தக் கையோடு பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மே மாதத்தில் எல்லோரையும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 100 தாய்மார்களில் 18 பேர் இறந்த அதே பிரிவில், ஜூனில் இறந்தவர்கள் 2 பேர் என்ற அளவுக்குக் குறைந்தது.

அந்த மாணவர்கள் ஒன்றும் அழுக்காகத் திரிந்தவர்கள் இல்லை. படித்த, நன்றாக உடுத்திய பிள்ளைகள்தான். கை கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கையைப் பாருங்கள்.

உள்ளங்கை உங்களைப் பார்த்திருக்கும்படி கையை உயர்த்திப் பிடியுங்கள். விரல் நுனிக்கு மேலே நகம் எட்டிப் பார்த்தால் அது நீளம், வெட்டுங்கள். வெட்டிய பிறகு ஓரத்தைத் தேய்த்து மழுங்கடியுங்கள். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், புரட்டிப் படுக்கவைக்கும்போது கூரான ஓரம் பட்டால் கிழிந்துவிடும். நகவெட்டி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அறைக்கு ஒன்று என்று வேண்டாம். நெயில் பாலிஷ் உரிந்த இடத்தில் கிருமி தங்கும், நிறமில்லாததும் அப்படித்தான். ஒட்டு நகம் கூடவே கூடாது.

மருதாணியைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். தோல் சிவந்திருப்பதால் மட்டும் கிருமி கூடிவிடாது. ஆனால் பல கல்லூரிகள் வேண்டாம் என்று சொல்கின்றன, அங்கே வாதாட வேண்டாம். லீவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கயிறு, இவை எல்லாமே முழங்கைக்குக் கீழே வேண்டாம். மோதிரத்துக்கு அடியில் இருக்கும் தோலில் கிருமி கூடுதலாகத் தங்கும், சோப்பும் அங்கே சரியாகப் போகாது. கயிறு விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு மாணவி டிரெஸ்ஸிங் செய்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் முழுக்க, குறை சொல்ல முடியாதபடி கை கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து, காலில் புண் இருந்த ஒரு பெரியவர் மேல் குனிந்தாள். அவள் மணிக்கட்டில் இருந்த கோவில் கயிறு, சிவப்பு போய்க் கறுத்திருந்தது. அதில் ஊறியிருந்த தண்ணீர் ஒரு சொட்டாகத் திரண்டு, புண்ணுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். வெளியே வந்ததும், "அம்மா கட்டிவிட்டது மேடம், கழற்றினா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்றாள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கயிற்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். பர்ஸில் சாமி படத்தோடும் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போகும்போது மறுபடி கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

தோற்றத்தோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் இந்த வாரத்திலேயே சரிபாருங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. போட்டதற்கான அட்டை இல்லையென்றால் டியூட்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

கை கழுவப் பழகும் பயிற்சி

இதை ஹாஸ்டல் அறையிலேயே செய்து பார்க்கலாம். கையுறை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையில் கொஞ்சம் போஸ்டர் கலர் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு வழக்கமாகக் கை கழுவுகிற மாதிரி தேயுங்கள். முடிந்ததும் கண்ணைத் திறங்கள். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இதைச் செய்ய வைக்கிறேன். ஏறக்குறைய எல்லோருக்கும் உள்ளங்கை முழுக்க நிறம் இருக்கும். கட்டைவிரலின் பின்பக்கமும் விரல் நுனிகளும் விரல் இடுக்குகளும் வெளுப்பாக நிற்கும். நோயாளியைத் தொடுவது எதனால்? அந்த நுனிகளால்தான்.

அதனால் வரிசையைப் பழக்கப்படுத்துங்கள். உள்ளங்கையோடு உள்ளங்கை, அப்புறம் புறங்கை, விரல் இடுக்கு, விரல்களை மடக்கி அவற்றின் முதுகு, கட்டைவிரலைப் பிடித்துச் சுழற்றுவது, கடைசியாக நுனிகளை உள்ளங்கையில் வட்டமாகத் தேய்ப்பது. சோப்பும் தண்ணீருமாக முழுவதையும் செய்ய 40 முதல் 60 விநாடி ஆகும். தண்ணீர் இல்லாமல் கையில் தேய்த்துக்கொள்ளும் ஸ்பிரிட் கலந்த ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. எந்தக் கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் வார்டில் அதை ஸ்டெரிலியம் என்றுதான் சொல்வார்கள். கையில் ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் அது போதாது, சோப்பு போட்டுத்தான் கழுவ வேண்டும். பேதி நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தாலும் சோப்புதான், ஏனென்றால் பேதி உண்டாக்கும் சில கிருமிகள் ஸ்பிரிட்டுக்குச் சாகாது.

எப்போது கழுவுவது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. நோயாளியைத் தொடும் முன், ஊசி, டிரெஸ்ஸிங் மாதிரி சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், ரத்தம், சிறுநீர், சளி பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைத் தொடாமல் அவர் கட்டிலையோ லாக்கரையோ மட்டும் தொட்டிருந்தாலும் அதற்குப் பின். இதில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கையுறை போட்டிருந்தாலும் கணக்கு இதேதான். கையுறையைக் கழற்றியதும் கழுவ வேண்டும்.

அடிக்கடி கழுவினால் கை வெடிக்கும். வெடித்த தோலில் கிருமி எளிதாகக் குடியேறும், ஸ்பிரிட் பட்டால் எரியும், எரிச்சலுக்குப் பயந்து கழுவுவதையே விட்டுவிடுவீர்கள். ராத்திரி படுக்கும்போது தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். டூட்டி நேரத்தில் எண்ணெய் வேண்டாம், லேட்டக்ஸ் கையுறையை அது கெடுத்துவிடும்.

முந்தைய இரவு: யூனிபார்ம்

குறைந்தது இரண்டு செட் வேண்டும். வீட்டில் பணக் கஷ்டம் என்றால் வெட்கப்படாமல் டியூட்டரிடம் சொல்லுங்கள். படிப்பு முடித்துப் போகும் சீனியர்கள் நல்ல நிலையில் இருக்கும் செட்டுகளை விட்டுப் போவார்கள், பல கல்லூரிகளில் அது கைமாறி வரும். தைத்து வாங்கும்போது குனிந்து, கையைத் தூக்கி, உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி முன் நேராக நின்று பார்த்தால் மட்டும் போதாது. வார்டில் நாள் முழுக்கக் குனிந்துதான் இருக்கப் போகிறீர்கள். வெள்ளைத் துணிக்கு உள்ளே தோல் நிறத்துக்கு நெருக்கமான உள்ளாடை போட்டால் வெளியே தெரியாது. வெள்ளைக்குள் வெள்ளை பளிச்சென்று தெரியும்.

ரத்தக் கறையை உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரில் போட்டால் கறை துணியோடு கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் என்ன செய்தாலும் பழுப்பு வட்டம் நிற்கும். யூனிபார்ம் துணி பாலியெஸ்டர் கலந்ததாக இருந்தால் பிளீச்சிங் பவுடர் வேண்டாம், நாளாக ஆக மஞ்சளடிக்கும். சொட்டு நீலத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் துணியை முக்குங்கள். துணி மேல் நேராக விட்டு நீலத் திட்டோடு வருகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். வெயிலில் காய வையுங்கள். இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டுங்கள். அலமாரி இல்லையென்றால் ஒரு பழைய வெள்ளைத் துணியால் மூடி ஆணியில் மாட்டினாலும் சரிதான்.

பைக்குள் எடுத்து வைக்க வேண்டியவை: நீலம், சிவப்புப் பேனா, சின்ன நோட்டு, விநாடி முள் உள்ள, சட்டையில் குத்திக்கொள்ளும் பின் வாட்ச். நாடி பார்க்க இந்த வாட்ச் கட்டாயம் வேண்டும், போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு நாடி எண்ண முடியாது. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கும் பட்டையில் மாட்டாமல் கிளிப் போட்டு நெஞ்சில் குத்துங்கள். தொங்கும் பட்டை நீங்கள் குனியும்போது நோயாளியின் மேல்தான் புரளும்.

ஷூ: முன்பக்கம் மூடியது, வழுக்காத அடி, சத்தம் வராதது. புது ஷூவை முதல் நாளே வார்டுக்குப் போட்டுப் போகாதீர்கள். ஒரு வாரம் ஹாஸ்டலுக்குள் போட்டு நடந்து பழகுங்கள். காட்டன் சாக்ஸ், தினமும் மாற்ற வேண்டும்.

காலையில்: குளியல், வாய், தலை

வியர்வைக்கு என்று பெரிதாக நாற்றம் கிடையாது. அக்குளில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. ஆகவே வியர்ப்பதைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. சென்னை மே மாதத்தில் ஃபேன் ஓடாத மூலையில் நின்றால் யாருக்கும் வியர்க்கும். முந்தின நாள் வியர்வை தோலிலும் துணியிலும் தங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஹாஸ்டலில் காலையில் ஒரு பக்கெட் தண்ணீர்தான் கிடைக்கிறதா? ஒரு பக்கெட் தாராளம். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், கால் விரல் இடுக்கு, இந்த இடங்களுக்குச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு உடுத்துங்கள். அதிகமாக வியர்க்கிறவர்கள் வியர்வையைக் குறைக்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வாங்கி, ராத்திரி உலர்ந்த அக்குளில் தடவிவிட்டுப் படுங்கள். காலையில் வியர்க்கத் தொடங்கிய பிறகு தடவினால் பலன் குறைவு.

சென்ட் வேண்டாம். ஆஸ்துமா இருப்பவருக்கு அது இழுப்பைக் கிளப்பும். மசக்கையில் இருக்கும் பெண்ணுக்கும் புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்கும் குமட்டும். மல்லிகைப்பூவும் அதே காரணத்துக்காக, உதிர்ந்து விழும் என்பதற்காகவும், ஹாஸ்டலிலேயே இருக்கட்டும்.

தொடை இடுக்கில் அரிப்போடு வட்டமாகப் படை வந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. ஹாஸ்டலில் துண்டு மாற்றிப் பயன்படுத்துவது, காயாத உள்ளாடையைப் போடுவது, இதனால் பரவுகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு ட்யூப் வாங்கித் தடவாதீர்கள். அப்படிக் கொடுக்கப்படும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், அப்புறம் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும், குணமாக்குவதும் கஷ்டமாகிவிடும். தோல் டாக்டரிடம் போங்கள்.

பல்லை இரண்டு நிமிடம் தேய்த்து, நாக்கையும் வழியுங்கள். காலையில் சாப்பிடாமல் ஓடினால் பதினோரு மணிக்கு வாய் உலர்ந்து வாடை வரும். மாஸ்க் போட்டிருந்தால் அது உங்களுக்கே தெரியும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, இடையிடையே தண்ணீர் குடியுங்கள். மாதவிலக்கு நாளில் உறையோடு இரண்டு நாப்கின் பையில் இருக்கட்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், இன்சார்ஜ் சிஸ்டரிடம் "ரெஸ்ட்ரூம் போயிட்டு வரேன் சிஸ்டர்" என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. அவரும் அந்த வழியாக வந்தவர்தான்.

தலைமுடிக்கு வருவோம். நான் முதல் வருடம் படித்தபோது, தீக்காய வார்டில் ஒரு அம்மாவுக்குப் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். கொண்டைக்கு இரண்டு பின் மட்டும் குத்தியிருந்தேன், வலை போடவில்லை. குனிந்தபோது கொண்டை அவிழ்ந்து, எண்ணெய் தடவிய ஜடை அப்படியே அவர் மார்பில் இருந்த கட்டின் மேல் விழுந்தது. வலியில் அவர் முனகினார். அப்புறம், "பரவாயில்ல கண்ணு, முடிய எடுத்துக் கட்டிக்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வருடம் நினைவிருந்திருக்காது. அன்றிலிருந்து என் கொண்டைக்குக் கணக்கு உண்டு. முடியை இறுக்கமாகக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, சுருட்டி, நான்கு பக்கமும் பின் குத்தி, மேலே கறுப்பு வலை. கட்டி முடித்ததும் தலையைக் குனிந்து நன்றாக உதறுங்கள். அசையவில்லை என்றால்தான் அது வார்டுக்குப் போகும் கொண்டை. எண்ணெய் வைப்பதென்றால் லீவு நாளுக்கு முந்தைய ராத்திரி வைத்து மறுநாள் குளித்துவிடுங்கள். பேன் இருந்தால் ஒளிக்க வேண்டாம், மருந்து இருக்கிறது. அறையில் எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொண்டால்தான் ஒழியும்.

ஆண் பிள்ளைகள் தினமும் சவரம் செய்வது நல்லது. தாடி இருந்தால் என்95 மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்காராது, காசநோய் வார்டில் அது உங்கள் நுரையீரலுக்கே ஆபத்து. கம்மல் சின்னதாக, ஒட்டினாற்போல் இருக்கலாம். தொங்கட்டானைக் குழந்தைகள் பிடித்து இழுப்பார்கள். கொலுசு வேண்டாம். ராத்திரி டூட்டியில் மாத்திரை போட்டுத் தூங்குகிறவரை அந்தச் சத்தம் எழுப்பிவிடும்.

வார்டுக்குள்: முகமும் தோற்றம்தான்

இஸ்திரி கலையாத யூனிபார்மோடு போய், நோயாளியின் பெயரைக்கூடக் கேட்காமல் போர்வையை விலக்கினால், அத்தனை தயாரிப்பும் வீண். "வணக்கம்மா, நான் நர்சிங் ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறேன். உங்களுக்குப் பிரஷர் பார்க்கணும், பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வயதானவர்களை ஐயா, அம்மா, தாத்தா, பாட்டி என்று அவர் பழகிய விதத்தில் கூப்பிடுங்கள். "மூணாம் பெட்டு" என்று ஒருநாளும் கூப்பிடாதீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு மிகக் கஷ்டமானது நாற்றம். சீழ் வைத்த புண், படுக்கையிலேயே போன மலம், வாந்தி. மூக்கைப் பொத்தினாலோ முகம் சுளித்தாலோ படுத்திருப்பவர் அதை உடனே பார்த்துவிடுவார். தன் உடம்பைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே அவமானம் இருக்கும். கட்டைப் பிரிக்கும் முன்பே வாடை வரும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வாயால் மெதுவாக மூச்சு விடுங்கள். "சாப்பிட்டீங்களா பாட்டி, யார் வந்து பார்த்தாங்க?" என்று பேச்சுக் கொடுத்தபடி செய்தால் உங்களுக்கும் எளிது. தலை சுற்றினால் சீனியரிடம் ஒப்படைத்துவிட்டு, "தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி வெளியே போய் உட்காருங்கள். மயங்கி விழுந்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். சில வாரங்களில் பழகிவிடும்.

மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேச வேண்டாம். கழற்றும்போது காது நாடாவைப் பிடித்துக் கழற்றுங்கள், முன்பக்கத்தைத் தொடாதீர்கள்.

திரும்பி வந்ததும்

வார்டு யூனிபார்மோடு டீக்கடைக்கும் மெஸ்ஸுக்கும் போவது பல இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தத் துணி எத்தனை கட்டிலில் உரசியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஷூவை அறை வாசலில் விடுங்கள். யூனிபார்மைக் கழற்றித் தனிப் பக்கெட்டில் போடுங்கள், கட்டில் மேல் எறியாதீர்கள். போனை அணைத்துவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சைப் பிழிந்து துடையுங்கள். குளித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் எல்லோரும் என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள். கூட இருக்கும் பிள்ளையிடம் வாடை வந்தால் எப்படிச் சொல்வது? குழுவில் ஜாடை பேசாதீர்கள், மேஜையில் பெயரில்லாமல் சோப்பு வைக்காதீர்கள். தனியாக இருக்கும்போது, நீங்களே நேராக, ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: "தப்பா நினைக்காத, இன்னைக்கு யூனிபார்ம்ல வேர்வை வாடை வருது. என்கிட்ட இன்னொரு செட் இருக்கு, போட்டுக்கிறியா?" சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். சில சமயம் அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு செட்தான் இருந்திருக்கும், முந்தின நாள் மழையில் அது காய்ந்திருக்காது.